ஐந்து நொடி இசை கேட்டு இசையமைப்பாளர் பெயரைச் சொல்வது எப்படி?

கேள்வி இது: பிரிட்டனின் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ ஆட்டம் ஒன்றைப் பார்த்தீர்கள். மேற்கத்திய செவ்வியல் இசைத் துண்டு ஒன்று ஒலிக்கத் தொடங்கி ஐந்து நொடி ஆவதற்குள் ஒரு மாணவி பஸ்ஸரை அழுத்தி இசையமைப்பாளர் பெயரைச் சொல்லிவிட்டார். இது எப்படி முடிகிறது, முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம், அதே நிகழ்ச்சியின் வேறொரு ஆட்டத்தில் இசைக்கு யாரும் பதில் சொல்லாதபோது தொகுப்பாளர் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்விக்குப் போய்விட்டு மறுபடி இசைக்குத் திரும்பினாரே, அது என்ன கணக்கு என்றும்.

நான் இசைக்கலைஞன் இல்லை. சென்னையில் வினாடி வினாப் போட்டிகளில் பதினைந்து வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன். அதில் பாதிக் காலம் கேள்வியும் தயாரித்திருக்கிறேன். சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியதால் மேற்கத்திய இசை காதுக்குப் பழக்கம். தகுதி அவ்வளவுதான். அதனால் இசை அறிஞர் சொல்லும் பதிலை எதிர்பார்க்காதீர்கள். பஸ்ஸர்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்கிறேன்.

முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். சொல்லிக்கொடுத்து ஆடவைத்த கதை உலகத்தில் நடக்காதது இல்லை. 1950களில் அமெரிக்காவில் ‘ட்வென்டி ஒன்’ என்ற நிகழ்ச்சியில் அதுதான் நடந்தது. தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், பதில் தெரிந்த கேள்விக்கே தப்பாகச் சொல்லித் தோற்றுப்போ என்றார்கள். அவரும் தோற்றார். பிறகு விஷயம் வெடித்து, 1960-இல் அங்கே அதற்கென்றே சட்டம் வந்தது. யுனிவர்சிட்டி சேலஞ்சில் அதற்குத் தேவையே இல்லை. லட்சக்கணக்கில் பரிசுப் பணம் கிடையாது, கல்லூரிக்கு ஒரு கோப்பைதான். அதைவிட, ஐந்து நொடியில் சொல்வது நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதிசயமும் இல்லை.

ஆட்டத்தின் விதி தெரிந்தால் மீதி புரியும். அணிக்கு நான்கு மாணவர்கள். ‘ஸ்டார்ட்டர்’ என்ற முதல் கேள்விக்கு 10 புள்ளி. அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது. பஸ்ஸரை அழுத்தியதும் கல்லூரிப் பெயரையும் ஆளின் குடும்பப் பெயரையும் ஒரு குரல் முழங்கும். ரோஜர் டில்லிங் என்பவரின் குரல் அது. ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்க அவர் குரலும் ஏறும். ஸ்டார்ட்டரைச் சரியாகச் சொன்ன அணிக்கு மூன்று போனஸ் கேள்விகள், தலா 5 புள்ளி. இவற்றுக்குக் கூடிப் பேசலாம். சாதாரண ஸ்டார்ட்டரில் கேள்வி முடியுமுன் குறுக்கிட்டுத் தப்பாகச் சொன்னால் 5 புள்ளி போய்விடும். ஆட்டத்தின் நடுவில் ஒரு முறை இசைச் சுற்று வரும். ஒரு துண்டு ஸ்டார்ட்டராக ஒலிக்கும். சொல்லிவிட்டால் அதோடு தொடர்புள்ள மூன்று துண்டுகள் போனஸ். மொத்தம் 25 புள்ளி. 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பதும் தோற்பதுமான ஆட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

நிகழ்ச்சி 1962-இல் கிரனாடா தொலைக்காட்சியில் தொடங்கியது. மூலம் அமெரிக்காவின் ‘காலேஜ் போல்’. பாம்பர் காஸ்காயின் 1987 வரை நடத்தினார். நின்றுபோனதை 1994-இல் பிபிசி எடுத்துத் தொடர்ந்தபோது ஜெரமி பாக்ஸ்மன் வந்தார். 2023 முதல் கொல்கத்தாவில் பிறந்த அமோல் ராஜன். இசைக் கேள்வி என்றால் செவ்வியல் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பாப், ஜாஸ் எல்லாம் உண்டு. ராஜன் பொறுப்பேற்ற முதல் வருடமே, 1990களின் ஒரு நடன இசை வகையைக் கேட்ட கேள்விக்கு ஒரு மாணவர் ‘டிரம் அண்ட் பேஸ்’ என்றார். அதை ஏற்க முடியாது, ‘ஜங்கிள்’ என்பதே விடை என்று ராஜன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு மறுத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வெட்டியெடுத்து ஆளாளுக்கு நடனப் பாட்டாக்கிப் பரப்பினார்கள். சரி, நாம் செவ்வியலுக்கு வருவோம்.

ஒன்று கேட்கிறேன். பேருந்தில் போகிறீர்கள், டிரைவர் பாட்டுப் போடுகிறார். பாடகர் இன்னும் வாய் திறக்கவில்லை. ஒரு கிடார் தட்டல், பின்னால் இரண்டு வயலின் கோடு. இது ராஜா என்று சொல்லிவிடுகிறீர்களா, இல்லையா? படம் எது, பாட்டு எது என்று தெரியாமலே சொல்வீர்கள். எம்.எஸ்.வி. என்றால் அதுவும் தெரியும். யாரும் உங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. சபாவில் முன்வரிசையில் இருக்கும் மாமி, ஆலாபனையில் ஒரே ஒரு பிடி விழுந்ததும் பக்கத்து நாற்காலியின் காதில் ‘சஹானா’ என்று கிசுகிசுப்பதும் இதே வேலைதான். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரபலமான பாப் பாட்டுகளின் 100, 200 மில்லிநொடித் துணுக்குகளைக் கேட்கவைத்து, ஐந்து பாட்டுகள் கொண்ட பட்டியலில் எது என்று கேட்டார்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கில் மெட்டு எங்கே இருக்கும்? ஆனாலும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மிக அதிகமானவர்கள் சரியாகச் சொன்னார்கள். காது முதலில் பிடிப்பது மெட்டை இல்லை, ஒலியின் நிறத்தை.

செவ்வியல் இசைக் கேள்வியிலும் முதல் நொடியில் நடப்பது இதுதான். எந்த வாத்தியங்கள், எத்தனை பேர், எவ்வளவு பெரிய கூடம். அடியில் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய, தந்தியைச் சுண்டி ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்) கிணுகிணுத்தால் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டும் அதற்கு முன்னும்: பாக், ஹேண்டல், விவால்டி, பர்சல். சின்ன ஆர்கெஸ்ட்ரா, ஒழுங்காக நான்கு நான்காக விழும் வாக்கியங்கள் என்றால் ஹைடன் அல்லது மோட்சார்ட். பித்தளை வாத்தியங்கள் கூட்டமாக, ஹார்ப் வேறு, எல்லாம் சேர்ந்து அலையாக எழுந்தால் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி. தனிப் பியானோ என்றால் வேறு ஒரு சின்னக் கூட்டம்: ஷோப்பான், லிஸ்ட், ஷூமன், டெபுசி, சாட்டி.

சில வாத்தியங்கள் முகவரியோடே வரும். செலஸ்டா என்று ஒன்று உண்டு. பார்க்கச் சின்னப் பியானோ, உள்ளே எஃகுப் பட்டைகள், சத்தம் கண்ணாடி மணி மாதிரி. 1886-இல் பாரிஸில் செய்தார்கள். சைகோவ்ஸ்கி அதைப் பாரிஸில் கேட்டு மயங்கிப் பதிப்பாளருக்கு எழுதினார்: ஒன்று வாங்கி அனுப்பு, யாரிடமும் காட்டாதே, ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் மோப்பம் பிடித்து எனக்கு முன்னால் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பொருளில். 1892-இல் ‘நட்கிராக்கர்’ பாலேயில் அதை வைத்தார். இன்று அந்த மணிச் சத்தம் கேட்டதும் பஸ்ஸரில் பத்து விரல் விழும். ஒண்ட் மார்த்தெனோ என்ற மின்வாத்தியத்தின் ஊளை கேட்டால் மெசியான் என்று சொல்லிவிடலாம், தப்பாவது அபூர்வம்.

பிரச்சினை என்னவென்றால், கேள்வி தயாரிப்பவனுக்கும் இதெல்லாம் தெரியும். ஹார்ப்சிகார்ட் என்றதும் ‘பாக்’ என்று துள்ளுபவர்களுக்காகவே அவன் மானுவல் டி ஃபாயாவை எடுத்து வைத்திருப்பான். 1926-இல் அரங்கேறிய ஹார்ப்சிகார்ட் கச்சேரி இசை அது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் சுருதி இடறுவது தெரியும். பாக் காலத்து ஆள் அப்படி எழுதியிருக்க மாட்டார். பொறுக்க எங்கே நேரம்?

வாத்தியத்துக்கு அடுத்தது ஆளின் பழக்கம். ரோசினி ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். புருக்னர் சிம்பனி என்றால், வயலின்கள் மூடுபனி மாதிரி நடுங்கிக்கொண்டிருக்க அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று மெல்ல எழும். ஹைடனும் மோட்சார்ட்டும்தான் எல்லாரையும் திணறடிக்கிற ஜோடி. என் சொந்த விதி: இசை என்னோடு விளையாடுகிறது என்று தோன்றினால் ஹைடன், பாடுகிறது என்று தோன்றினால் மோட்சார்ட். பத்துக்கு ஆறு முறை சரியாக வரும். அறிஞர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

ஹைடன் விளையாட்டுக்கு ஓர் உதாரணம். 1792-இல் லண்டனில் முதலில் வாசிக்கப்பட்ட 94-ஆவது சிம்பனி. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தை நம் சுரத்தில் பாடலாம்: ஸஸ கக பப க, மம ரிரி நிநி ப. கடைசி நி, ப இரண்டும் கீழ் ஸ்தாயி. குழந்தைப் பாட்டு மாதிரி, பூனை நடை. திரும்ப வாசிக்கும்போது இன்னும் மெதுவாகிக் கிட்டத்தட்ட காதில் விழாத அளவுக்குப் போய், திடீரென்று மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே ஒரு இடி. அந்த இடிக்காகத்தான் ‘சர்ப்ரைஸ்’ சிம்பனி என்று பெயர். விஷமக்காரக் கேள்வியாளன் என்ன செய்வான்? இடிக்கு முன்னாலேயே வெட்டிவிடுவான். பூனை நடை மட்டும் கேட்கும். தெரிந்தவன் இடியை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தெரியாதவன் மோட்சார்ட் என்பான்.

இன்னும் சிலர் கையெழுத்தையே இசைக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு எழுத்துகள்தான் பெயர். ஷாஸ்டகோவிச் தன் பெயரின் ஜெர்மன் எழுத்துகளில் நான்கை எடுத்துச் சுரமாக்கினார். அவர்களுடைய C சுரத்தை நம் ஸ என்று வைத்துக்கொண்டால் அது ரி, சாதாரண காந்தாரம், ஸ, கீழே காகலி நிஷாதம். ரி க ஸ நி. கீரவாணியில் ஒரு சின்னப் பிடி மாதிரி இருக்கும், பாடிப் பாருங்கள். 1960-இல் மூன்றே நாளில் எழுதிய எட்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை) இந்த நான்கு சுரங்களில்தான் தொடங்குகிறது. முதலில் செல்லோ தனியாக, மெதுவாக. அந்த ‘நி’ வந்து நிற்பதற்குள் பெயரைச் சொல்லிவிடலாம். இப்படி ஒன்று வந்தால் ஐந்து நொடி என்பதே தாராளம்.

இனி என் மானம் போன கதை. சில வருடம் முன்பு ஓர் அரங்கில் இறுதிச் சுற்று. இசைக் கேள்வி. ஒரு டிரம்பெட், ஒரே சுரத்தில் மூன்று குறில், ஒரு நெடில்: தததா-ம். மறுபடி தததா-ம். அவ்வளவுதான் கேட்டேன். எங்கள் கோவிலில் எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறேன்! மணமக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வாசலை நோக்கி நடக்கும்போது ஆர்கனில் இதைத்தானே வாசிப்பார்கள்! பஸ்ஸரை உடைக்காத குறையாக அழுத்தி, “மெண்டல்சோன், வெட்டிங் மார்ச்” என்றேன். கேள்வி கேட்டவர் ஒரு நொடி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மீதியை ஓடவிட்டார். அந்த டிரம்பெட் சற்று நேரத்தில் சாதாரண காந்தாரத்துக்கு ஏறியது. கூடமே இருண்டது. மாலரின் ஐந்தாவது சிம்பனி, முதல் பகுதி. அதற்கு மாலர் வைத்த தலைப்பு, சவ ஊர்வலம். கல்யாண ஊர்வலத்தில் சேர்ந்துகொள்ளப் போனவன் பிணத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். என் அணித் தோழர் இன்றுவரை யாருடைய கல்யாணப் பத்திரிகை வந்தாலும் “மாலர் வாசிப்பாங்களா?” என்று கேட்பார்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துப் பத்து முறை கேட்டேன். வித்தியாசம் இருக்கிறது. மெண்டல்சோனில் டிரம்பெட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போகும். காதில் ஒரு பிரகாசமான அந்தர காந்தாரம் விழுந்துவிடும். மாலரில் அது ஒண்டி. யாரும் துணைக்கு வருவதில்லை. அது மட்டுமில்லாமல், அந்த மூன்று குறில் ஒரு நெடில் தாளம் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியின் புகழ்பெற்ற தொடக்கத்துக்கும் சொந்தக்காரன். ஆக ஒரே தாளத்துக்கு மூன்று வீடு. மெண்டல்சோனின் அந்த மார்ச்கூட 1842-இல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்காக எழுதியது. 1858-இல் விக்டோரியா ராணியின் மகள் கல்யாணத்தில் வாசித்த பிறகுதான் ஊரெங்கும் கல்யாணங்களில் பரவியது. தாமதமாகக் கற்றாலும் மறக்கவில்லை.

இதில் நான் செய்த தவறு காது சம்பந்தப்பட்டதே இல்லை. கேள்வி கேட்பவன் மனதைப் படிக்கவில்லை. இறுதிச் சுற்றில், அதுவும் நான்கு கேள்வி கடுமையாகக் கேட்டபிறகு, எவனாவது வெட்டிங் மார்ச் போடுவானா? மிகவும் சுலபமாகத் தோன்றினால் அங்கே ஒரு குழி இருக்கிறது என்று பொருள். யுனிவர்சிட்டி சேலஞ்சில் நன்றாக ஆடுபவர்களைக் கவனியுங்கள். இசை தொடங்குமுன்பே அவர்கள் பாதித் தூரம் வந்துவிட்டார்கள். கேள்வியின் வாசகம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆண்டு, ஊர், மொழி, இசை வகை என்று கழித்துக்கொண்டே வருகிறார்கள். அந்த நிகழ்ச்சியில் கேட்கப்படக்கூடிய இசையமைப்பாளர்கள் என் கணக்கில் நூறு பேருக்குள்தான். அதிலும் பிரிட்டிஷ்காரர்களுக்குச் சொந்த ஊர்ப் பாசம் உண்டு: எல்கர், வான் வில்லியம்ஸ், ஹோல்ஸ்ட், பிரிட்டன், பர்சல் ஐந்து பேரையும் காது தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு தனி வயலின் வானத்தில் வட்டமிட்டால் வான் வில்லியம்ஸ் என்று அங்கே பள்ளிப் பிள்ளையே சொல்லும்.

எப்படிக் கழிக்கிறார்கள் என்று காட்ட நானே ஒரு செட் தயாரிக்கிறேன். இது நிகழ்ச்சியில் வந்தது இல்லை. அவர்கள் பாணியில் நான் செய்தது.

ஸ்டார்ட்டர்: “1830-இல் பாரிஸில் முதன்முதல் வாசிக்கப்பட்ட இந்தப் படைப்பின் இசையமைப்பாளர் யார்?” உடனே ஒரு பெரிய மணி அடிக்கிறது. கீழே கட்டைக் குரலில் டியூபாக்களும் பஸ்ஸூன்களும் நெடிலாக: க ரி க ஸ, ரி நி ஸ ஸ. நடுவில் வரும் நி மட்டும் கீழ் ஸ்தாயி. கரகரப்ரியா சுரங்களில் மெதுவாகப் பாடிப் பாருங்கள், உடம்பு கொஞ்சம் சில்லிடும். வாசகத்திலேயே விடை இருக்கிறது. 1830, பாரிஸ், பெரிய ஆர்கெஸ்ட்ரா என்றால் பெர்லியோஸின் ‘சிம்பனி ஃபந்தாஸ்திக்’. மணி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பஸ்ஸர் அடித்துவிடலாம்.

இப்போது போனஸ். தொகுப்பாளர் சொல்வார்: “நீங்கள் கேட்ட மெட்டு 13-ஆம் நூற்றாண்டுப் பிரேதப் பூசைப் பாடலான ‘தியெஸ் இரே’. அதே மெட்டை எடுத்தாண்ட வேறு மூவரைச் சொல்லுங்கள்.” கவனித்தீர்களா, இந்த வாக்கியம் முடியும்போதே கதவு மூடிவிட்டது. இனி நூறு பேர் இல்லை. வழக்கமாகச் சொல்லப்படும் பட்டியலில் முதலில் வருவது லிஸ்ட், சான்-சான்ஸ், ரக்மானினாவ். மூன்று போனஸுக்கு மூன்று பேர். ஒலிப்பதற்கு முன்னாலேயே அணி குசுகுசுவென்று இந்தப் பெயர்களை வரிசைப்படுத்திவிடும். ஹார்ப் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு தடவை தட்டினால் நள்ளிரவு மணி. அது சான்-சான்ஸ் 1874-இல் எழுதிய ‘தான்ஸ் மகாப்ரே’. இதில் தனி வயலினின் மேல் தந்தியை அரை சுரம் இறக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள், வேண்டுமென்றே அபசுரமாக இழுப்பதற்கு. எலும்பு கடகடக்க சைலஃபோன். மற்ற இரண்டும் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும். பியானோ கீழ் ஸ்தாயியில் சம்மட்டியால் அடிப்பது மாதிரி இடிக்க, அதன்மேல் ஆர்கெஸ்ட்ரா தொடக்கத்திலேயே அந்த மெட்டை முழங்கினால் லிஸ்ட். துடுக்கான ஒரு வயலின் மெட்டுக்கு நடுவே அது வந்து உட்கார்ந்தால் ரக்மானினாவ், பாகனினியின் மெட்டில் 1934-இல் எழுதிய ராப்சடி. ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டிராதவன் இந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு 15 புள்ளியும் எடுக்கலாம். நான் எடுத்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

இங்கே இசை ரசிகர்கள் கோபப்படுவார்கள். இது ரசனையா, பொறுக்கி எடுப்பதா? பொறுக்கி எடுப்பதுதான். பிபிசியில் 1960களிலிருந்து 1980கள் வரை ‘ஃபேஸ் தி மியூசிக்’ என்று ஒரு வினாடி வினா ஓடியது. ஜோசஃப் கூப்பர் சத்தமே வராத ஒரு பியானோ விசைப்பலகையில் வாசிப்பார். விரல் போகிற போக்கைப் பார்த்தே குழுவினர் என்ன படைப்பு என்று சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் ராபின் ரே என்பவர் படைப்பின் ஓபஸ் எண் (இசையமைப்பாளரின் படைப்புகளுக்கு இடும் வரிசை எண்) வரைக்கும் சொல்வார். அது வேறு ஜாதி ஞானம். இருபது வயது மாணவர்களிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. அவர்கள் அடுத்த நிமிடம் வேதியியலுக்கும் அதற்கடுத்த நிமிடம் ஆப்பிரிக்கத் தலைநகரங்களுக்கும் போக வேண்டியவர்கள்.

நமக்கு மட்டும் ஒரு கூடுதல் சௌகரியமும் ஆபத்தும் உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் எழுதிய நொட்டுஸ்வரங்கள் நம் குழந்தைகளுக்குச் சின்ன வகுப்பிலேயே பாடம். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான். ஒருமுறை நான் தயாரித்த போட்டியில், அந்தக் கீதத்தின் மேல் பீத்தோவன் 1803-இல் எழுதிய பியானோ வேரியேஷன்களை (ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி எழுதுவது) போட்டு இசையமைப்பாளர் யார் என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்று “தீட்சிதர்” என்றான். அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீத்தோவனும் தீட்சிதரும் ஏறத்தாழ ஒரே காலத்து ஆட்கள். அந்த மெட்டைக் கையிலெடுத்த இருவரில் ஒருவரைத்தானே பையன் சொன்னான்? பாதிப் புள்ளி கொடுத்தேன். எதிரணி ஒப்புக்கொள்ளவில்லை, பத்து நிமிடம் சண்டை.

உங்கள் கடைசிக் கேள்வி. இசை ஸ்டார்ட்டருக்கு ஓர் அணி தப்பாகச் சொன்னால், மற்ற அணிக்கு இன்னும் கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்கவைப்பார்கள். அவர்களும் சொல்லவில்லை என்றால் அந்த 10 புள்ளி போயிற்று. ஆனால் மூன்று போனஸ் இசைத் துண்டுகள் தயாராக இருக்கின்றனவே, அவற்றைத் தூக்கி எறிவதில்லை. இசை போனஸ் சற்று நேரத்தில் வரும் என்று சொல்லிவிட்டு, தொகுப்பாளர் ஒரு சாதாரண ஸ்டார்ட்டரைக் கேட்பார். அது நதியாக இருக்கலாம், தனிமமாக இருக்கலாம். அதை யார் சொல்கிறார்களோ அவர்களுக்கு இசை போனஸ். இதில்தான் அநியாயம் நடக்கும். நான்காவது நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், பியானோ பட்டயம் வைத்திருப்பவள். ஸ்டார்ட்டர் துண்டு அவளுக்கு நுனி நாக்கில் நின்று வரவில்லை. எதிரணியில் ஓர் இயற்பியல் மாணவன் ஏதோ ஒரு தனிமத்தின் அணு எண்ணைச் சொல்லி போனஸைத் தட்டிக்கொண்டு போவான். பிறகு அவன் அணிக்கு மூன்று இசைத் துண்டும் ஒலிக்கும். அவர்கள் நால்வரும் திருதிருவென்று விழித்து “ஷூபர்ட்? இல்லை பிராம்ஸ்?” என்று கேப்டனைப் பார்ப்பார்கள். எதிர் மேசையில் அவளுக்கு மூன்றும் முதல் சுரத்திலேயே தெரிந்துவிடும். வாயைத் திறக்க முடியாது. கேமரா சில சமயம் சரியாக அந்த நொடியில் அவள் முகத்தைக் காட்டும்.